போன்சாய் இலை மஞ்சளாகிறதா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் மழை பிடித்துக்கொண்டால் போதும், என் கைப்பேசிக்கு மஞ்சள் இலைப் படங்களாக வரத் தொடங்கிவிடும். ஜெலுத்தோங்கிலிருந்து ஒருவர் அனுப்புவார், பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் அனுப்புவார். கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது கையைப் பிடித்து நிறுத்திப் படம் காட்டுகிறவர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம், அண்ணே?" என்பதுதான். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டின் வராந்தாவில் பல வருடங்களாகப் போன்சாய், அதாவது சின்னத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம், வளர்க்கிறேன். வளர்த்ததைவிடக் கொன்றது அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

இலை மஞ்சளாகிவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

எந்த இலை என்று பாருங்கள். கிளையின் அடியில் இருக்கும் முற்றிய இலையா, நுனியில் இருக்கும் இளம் இலையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

காரணம் இதுதான். நைட்ரஜன், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய மூன்றும் மரத்துக்குள் இடம் மாறக்கூடிய சத்துகள். தட்டுப்பாடு வந்தால் மரம் கிழட்டு இலையிலிருந்து அவற்றை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். தான் சாப்பிடாமல் பிள்ளைக்கு எடுத்து வைக்கும் அம்மா மாதிரி. ஆகவே அடியிலைதான் முதலில் வெளுக்கும். இரும்பு அப்படி நகராது. ஓர் இலைக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். இரும்பு கிடைக்காவிட்டால் பழைய இலைகள் கரும்பச்சையாக நிற்க, புதுத் துளிர் மட்டும் வெளிறி வரும்.

அடுத்து நரம்பைப் பாருங்கள். இலை முழுக்க ஒரே சீராக மஞ்சளா, அல்லது நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளா? பிறகு இலையைத் தொட்டுப் பாருங்கள். துவண்டு மெத்தென்று இருக்கும் மஞ்சள் வேறு, அப்பளம் போல நொறுங்கும் மஞ்சள் வேறு. முன்னது பெரும்பாலும் தண்ணீர் கூடியதைச் சொல்லும், பின்னது தண்ணீர் போதாததை. மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.

ஒன்றிரண்டு இலைதான் மஞ்சள். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம். எப்போதும் பச்சையாக நிற்கும் மரம் என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். உள்பக்கம் வெயில் படாத இலைகள் முதலில் போகும். புளிய மரம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: தினமும் பொடிப்பொடியாகக் கொட்டும், கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சாயங்காலமானால் புளிய இலை மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டு "வாடிவிட்டது" என்று தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தூங்குகிறது, விடுங்கள்.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். பிறகும் ஏன் மஞ்சளாகிறது?

தவறாமல் ஊற்றுவதால்தான். நம் ஊரில் எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பதில்.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. அந்த இடைவெளி முழுவதும் தண்ணீர் நிரம்பி நாள்கணக்கில் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறும். வேர் போனால் மேலே தண்ணீர் ஏறாது, இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் இரண்டு குவளை ஊற்றுவோம். கதை அப்படித்தான் முடியும்.

போன்சாய்த் தொட்டியில் இது இன்னும் மோசம். ஏன் என்று புரிய சமையலறையில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் செவ்வகப் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, உள்ளங்கையில் படுக்கையாக வையுங்கள். சொட்டுவது நிற்கும் வரை பொறுங்கள். இப்போது அதைப் பிழியாமல், அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். அதே பஞ்சு, அதே தண்ணீர்தான். எந்தப் பாத்திரத்திலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தங்கிவிடும். அந்த உயரத்தை முடிவு செய்வது மண் துகளின் அளவு, தொட்டியின் ஆழம் இல்லை. துகள் சிறியதாக இருந்தால் தங்கும் உயரம் கூடும். வாளியில் அடியில் 3 சென்டிமீட்டர் ஈரம் நின்றால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. 4 சென்டிமீட்டர் ஆழமே உள்ள போன்சாய்த் தட்டில் அதே 3 சென்டிமீட்டர் நின்றால் வேர் எங்கே போகும்?

இதிலிருந்து மூன்று விஷயங்கள். தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நன்றாக வடியும் என்பது பலரும் நம்பும் பழக்கம். உண்மையில் ஈரம் சரளைக்கு மேலே ஏறி நிற்கும், வேருக்குக் கிடைக்கும் இடம்தான் குறையும். இரண்டாவது, மழைக் காலத்தில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரத்துண்டு வைத்துச் சாய்த்து விடுங்கள். நிமிர்த்திய பஞ்சு மாதிரி நன்றாக வடியும். காசு செலவில்லாத வைத்தியம், நான் ஒவ்வொரு அக்டோபரிலும் செய்வது. மூன்றாவது, தொட்டிக்குக் கீழே வைத்திருக்கும் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள். அது வேரையும் அழுகவைக்கும், ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். டிங்கிச் சோதனைக்கு வருகிறவர்கள் உங்கள் மரத்தின் அழகைப் பார்க்க மாட்டார்கள், தட்டைத்தான் பார்ப்பார்கள்.

அப்படியானால் எப்போது தண்ணீர் ஊற்றுவது?

சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மூங்கில் குச்சி) ஒன்றை மண்ணில் செருகி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கீழ்ப்பாதி ஈரத்தில் கறுத்திருந்தால் இன்று வேண்டாம். வெளிர் நிறமாக, தொட்டால் லேசான குளுமை மட்டும் இருந்தால் ஊற்றலாம். ஊற்றினால் அடித்துளையில் ஒழுகும் வரை ஊற்ற வேண்டும். நாக்கை நனைக்கிற மாதிரி தெளிப்பது எதற்கும் உதவாது.

மரத்துக்கு மரம் தாகம் வேறு. பாலைவன ரோஜாவும் காகிதப்பூவும் காய்ந்து நிற்கப் பிடிப்பவை. கடலோரப் பாறைகளில் வளரும் மெந்திகி நேர்மாறு, அதை ஒரு நாள் காயவிட்டாலே போய்விடும்.

தைப்பூசத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் இலையெல்லாம் மஞ்சள், நொறுங்குகிறது. இதுவும் தண்ணீர் கூடியதாலா?

இல்லை, இது நிஜமாகவே தாகம். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் மழை குறைந்த மாதங்கள், தைப்பூசம் சரியாக அப்போது வருகிறது. நாம் தண்ணீர்மலையில் காவடி பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மேற்கு வெயில் அடிக்கும் வராந்தாவில் கையளவு மண்ணில் நிற்கும் மரம் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

முற்றிலும் காய்ந்த மண் தண்ணீரை உள்ளே வாங்காது, மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அகலமான வாளியில் தொட்டியை மண்மட்டம் வரை அமிழ்த்துங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து நிழலில் வையுங்கள். இலை கொட்டும், கொட்டட்டும். கிளையில் உயிர் இருந்தால் துளிர்க்கும். குற்ற உணர்ச்சியில் அன்றைக்கே உரம் வைத்துவிடாதீர்கள்.

வேர் அழுகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தெரிந்தால் என்ன செய்வது?

முதலில் மூக்கு. வடிதுளைக்குப் பக்கத்தில் மோந்து பாருங்கள். நல்ல மண்ணுக்கு மழை வாசம் இருக்கும். லோங்காங் (சாக்கடை) வாடை வந்தால் உள்ளே அழுகல். மரத்தின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்தால் ஆடும். பாலைவன ரோஜாவாக இருந்தால் பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள்; கெட்டியாக இருந்தால் தப்பித்தது, பழுத்த வாழைப்பழம் போல அமுங்கினால் அழுகல் உள்ளே போய்விட்டது.

சந்தேகமென்றால் தொட்டியை விட்டு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நல்ல வேர் உறுதியாக இருக்கும், நுனி வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வரும், உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரியால், நல்ல பகுதி தெரியும் வரை வெட்டுங்கள். பழைய சேற்று மண்ணைக் கழுவி எடுத்துவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். மரம் ஆடாமல் இருக்கத் தொட்டியோடு கம்பியால் கட்டுங்கள், ஏனென்றால் ஆடும் மரத்தில் புது வேர் முளைத்தவுடன் அறுந்துவிடும். வெளிச்சம் உள்ள நிழலில் வைத்து, மேலே தண்ணீரைப் புகைபோலத் தெளித்து வாருங்கள். மிச்சமிருக்கும் பச்சை இலையைப் பறிக்காதீர்கள், புது வேருக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் வர வேண்டும். புதுத் துளிர் வந்து முற்றும் வரை உரம் கிடையாது. அதற்கு ஒன்று ஒன்றரை மாதம் ஆகலாம்.

புது மண் என்றால் என்ன மண்? ஜப்பான் மண் வாங்க வேண்டுமா?

அக்கடாமா என்னும் அந்த ஜப்பான் மண் நல்ல மண்தான், ஆனால் அது ஒருவகைக் களிமண் உருண்டை. நம் மழையில் அது சீக்கிரமே கரைந்து சேறாகிவிடும். அந்தக் காசுக்கு எரிமலைக் கல்லும் பியூமிஸும் (நுரைக்கல்) வாங்கலாம், அவை கரையாது. அதுவும் வேண்டாமென்றால் உடைத்த செங்கல், கரடுமுரடான ஆற்று மணல், கொஞ்சம் மக்கிய உரம். துகள் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் போட்டுச் சலித்துத் தூசியை நீக்கிவிடுங்கள். தூசிதான் வடிகாலின் எதிரி.

பத்து ஃபெரிங்கிக் கடற்கரையிலிருந்து மணல் அள்ளி வந்து போட்டவரை எனக்குத் தெரியும். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. உப்பு, வேறென்ன.

நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். இது என்ன நோய்?

நோயில்லை, சத்துக் குறை. அடியிலையில் இப்படி இருந்தால் மக்னீசியம். 4 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து ஊற்றுங்கள், இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை. பொட்டாசியம் அதிகமுள்ள உரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தாலும் மக்னீசியம் உள்ளே போகாது, அதையும் கவனியுங்கள்.

நுனித் துளிரில் இருந்தால் இரும்பு. ஆனால் மண்ணில் இரும்பே இல்லாமல் போவது அரிது. மரத்தால் அதை எடுக்க முடியாமல் போவதுதான் வழக்கம். இதில் நான் பட்ட பாடு ஒன்று. சில வருடங்களுக்கு முன் சிமெண்டில் நானே ஒரு தட்டு வார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்த மறு வாரமே அதில் ஒரு ஃபுக்கியன் டீ செடியை நட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் துளிர் எல்லாம் எலுமிச்சை நிறம், நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்டது போல. இரும்பு மருந்து வாங்கி ஊற்றினேன், அசையவில்லை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கார மண்ணில் இரும்பு கரையாது, கரையாததை வேர் குடிக்காது. சுட்ட மண் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் துளிர் பச்சையாக வந்தது. அந்தச் சிமெண்டுத் தட்டைப் பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, இப்போது காகிதப்பூ வைத்திருக்கிறேன்.

இரும்பு மருந்து வாங்குவதென்றால் பெயரைப் பாருங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமில்லாத மண்ணுக்கு மட்டும்தான் உதவும். கார மண்ணென்றால் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை வேண்டும், தண்ணீரில் கரைத்தால் சிவப்பாக இருக்கும், வராந்தா ஓடு கறைபடும், வீட்டில் திட்டு விழும். அப்புறம் ஒன்று: வேர் அழுகியிருந்தாலும் இரும்பு ஏறாது, இலை இதே மாதிரிதான் காட்டும். ஆகவே புட்டி வாங்குவதற்கு முன் சாத்தே குச்சி.

உரம் வைத்தால் சரியாகிவிடாதா?

அடியிலை முழுக்க ஒரே சீராக வெளுத்து, புது இலை சிறுத்து வந்து, வேர் நன்றாக இருந்தால் சரியாகும். அது நைட்ரஜன் பசி. தினமும் கொட்டும் மழை அந்தக் கையளவு மண்ணிலிருந்து நைட்ரஜனைக் கரைத்துக்கொண்டு போய்விடும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தச் சொல்லும். நமக்கு ஏது குளிர்காலம்? மரம் வருடம் முழுக்க வளர்கிறது, வருடம் முழுக்கச் சாப்பிடும். மெதுவாகக் கரையும் உருண்டை உரம் கொஞ்சம், இல்லையென்றால் 15-15-15 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவு) பச்சை உரம் ஓரத்தில் சில மணிகள். மண் காய்ந்திருக்கும்போது வைக்காதீர்கள். மண்மேல் வெள்ளையாக உப்புப் படிந்து இலை ஓரம் கருகினால் வைத்தது அதிகம். நல்ல தண்ணீரை மூன்று நான்கு முறை ஊற்றிக் கழுவி வடியவிடுங்கள்.

வேர் அழுகிய மரத்துக்கு உரம் வைப்பது, வயிற்றுப்போக்குக்காரருக்குப் பிரியாணி போடுவது.

பூச்சியாக இருக்குமோ?

மஞ்சள் சீராக இல்லாமல் ஊசியால் குத்தியது போலப் புள்ளிப்புள்ளியாக இருந்தால் சந்தேகப்படலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தால் அது சிவப்புச் சிலந்தி. வெயில் மாதங்களில்தான் பெருகும். இலையின் அடிப்புறத்தைக் குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், சில துளி பாத்திரச் சோப்பு கலந்து சாயங்காலத்தில் அடியுங்கள். முதலில் நான்கு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். நம் வெக்கையில் முட்டை பொரிந்து அடுத்த தலைமுறை வர ஒரு வாரம் போதும், ஆகவே வாரம் ஒன்று என மூன்று முறை.

ஃபைகஸ் (ஆல் வகை மரம்) இலை சம்சா மாதிரி மடிந்திருந்தால் உள்ளே கறுப்பு இலைப்பேன் குடியிருக்கும். மருந்து அங்கே போகாது, மடிந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டி எறியுங்கள்.

கெமுனிங் (வாசனையான வெள்ளைப் பூ பூக்கும் செடி) வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் கறிவேப்பிலையையும் பாருங்கள். இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சையைத் தாக்கும் சிலிட் பூச்சி இரண்டின் துளிரிலும் உட்காரும். நம் வீடுகளில் கறிவேப்பிலை இல்லாத வீடு ஏது? துளிர் சுருண்டு, பிசுபிசுப்பாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்யுங்கள்.

கடையிலிருந்து வாங்கி வந்து இரண்டு வாரத்தில் இலை கொட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. இடம் மாறினால் ஃபைகஸ் இலையைக் கொட்டும், அதன் குணம் அது. வெயிலில் வளர்ந்ததை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். போன்சாய் வீட்டுக்குள் வைக்கும் அலங்காரப் பொருள் இல்லை, வெளியில் நிற்க வேண்டிய மரம். விருந்தாளி வரும் அன்றைக்கு உள்ளே கொண்டு வாருங்கள், மறுநாள் வெளியே வைத்துவிடுங்கள்.

கேமரன் மலையில் வாங்கிய ஜூனிப்பர் மஞ்சளாகிறது. காப்பாற்ற முடியுமா?

கஷ்டம். ஜூனிப்பர் செத்து வாரக்கணக்கில் கழித்துத்தான் நிறம் மாறும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் பழைய செய்தி. மலைக் குளிரில் இருந்ததைப் பினாங்கு வெக்கையில் வைத்துக் காப்பாற்றுவது அனுபவசாலிகளுக்கே சவால். அந்தக் காசுக்கு ஒரு வாட்டர் ஜாஸ்மின் வாங்குங்கள். அதில் இன்னொரு வசதி, ஆரோக்கியமாக இருக்கும்போது இலை எல்லாவற்றையும் உருவிவிட்டால் சில வாரத்தில் புதுத் துளிரும் பூவுமாகத் தொங்கும். மஞ்சளாகி நோய்ப்பட்ட மரத்தில் இதைச் செய்யாதீர்கள், இருக்கிற தெம்பும் போய்விடும்.

மஞ்சளான இலை மறுபடி பச்சையாகுமா?

இரும்புக் குறையை ஆரம்பத்திலேயே பிடித்தால் ஓரளவு ஆகும். மற்றபடி முழுக்க மஞ்சளானது திரும்பாது. உங்கள் வைத்தியம் பலித்ததா என்று புதிதாக வரும் இலையில் பாருங்கள், பழைய இலையில் தேடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினால் மஞ்சளாகுமா?

ஆகாது. அந்த அளவு மரத்தை ஒன்றும் செய்யாது.

எல்லா இலையும் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா, தூக்கிப் போடலாமா?

கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. இன்னும் கீழே, அடுத்த கிளை, பிறகு அடிமரம் என்று கீறிக்கொண்டே இறங்குங்கள். நுனியில் தொடங்கிக் கீழே வர வேண்டும்.

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் சுவர் விரிசலில் ஆலங்கன்றுகள் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுவரைப் பழுதுபார்த்தவர்கள் பிடுங்கிப் போட்ட அப்படி ஒரு கன்றை ஐந்தடிப் பாதையிலிருந்து (கடைவீட்டு முன்நடை) எடுத்து வந்தேன். வேர் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பத்தே நாளில் எல்லா இலையும் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. கீறினால் அடிமரத்தில் மட்டும் பச்சை. நிழலில் வைத்து, சாத்தே குச்சி காய்ந்து வந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினேன், வேறு எதுவும் செய்யவில்லை. வீட்டில் இரண்டு முறை குப்பைக்குப் போகப் பார்த்தது. ஏழாவது வாரம், மண்ணுக்கு இரண்டு விரல் மேலே, அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒரு மொட்டு வந்தது.